இசைக் கருவியும் உடைமையும்

மரத்தைக் குடைந்து இசைக்கருவி செய்தவனின் வேலையை அருகிருந்து பார்த்தவன் கற்றுக்கொள்ளலாம். மின்சாரம் இசையிற் புகுந்த பின்னரோ கருவியின் உள்ளமைப்புப் பெட்டிக்குள் மறைந்தது. அதன்மேல் உரிமைப் பத்திரமும் ஏறிற்று.

அமெரிக்கரான றொபேட் மூக், இளமையிற் சஞ்சிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரெமின் என்னும் மின்னிசைக் கருவியைச் செய்து பழகியவர். 1964 இல் தமது சிந்தசைசரை நியூயோர்க்கில் அறிமுகஞ் செய்தார். அதன் புகழ்பெற்ற வடிகட்டிச் சுற்றுக்கு 1969 இல் காப்புரிமை கிடைத்தது. பொதுவிற் பெற்ற அறிவினால் வளர்ந்தவரின் கைப்பணியும் தனியுடைமையாயிற்று. அவரைப் பழிப்பது நியாயமன்று. சந்தை வகுத்த வழி அது.

வேறொரு வழி, ஒலிவெற்றி தட்டச்சுப் பொறிகளாற் பேர்பெற்ற இத்தாலிய நகரான இவ்றேயாவிலே தோன்றியது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், கொலம்பிய மாணவர் ஏர்னாந்தோ பரகான் 2003 இல் 'வயரிங்' என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையைத் தமது முதுமாணி ஆய்வாகத் தொடங்கினார். மின்னியல் கல்லாத கலைஞரும் அதனை இயக்கலாம். 2005 இல் மாசிமோ பான்சி முதலியோர் அதனின்று மலிவான ஆர்டுயீனோவை உருவாக்கினர். நிலையம் மூடப்படும் நிலையிலிருந்தமையால், தம் உழைப்பும் அதனோடு புதையுண்டு போகாதிருக்க, வரைபடங்களை உலகிற்கு வழங்கினர். போற்றத்தக்க செயலே. ஆயினும் பலகையின் புகழ் பரவிய அளவுக்குப் பரகானின் பெயர் பரவவில்லை. தமது பங்கை 2016 இல் அவரே விரித்து எழுத நேர்ந்தது. வரைபடம் பொதுவானதும் உழைத்தவனுக்குரிய மதிப்புத் தானே வந்து சேர்ந்துவிடுவதில்லை.

அப்பலகை இசைப்பது எவ்வாறு? ஆர்டுயீனோ ஊனோவின் சில்லு வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புக்களில் இயங்குவது. அதன் நினைவகமோ 2 கிலோபைற்று மாத்திரம். அலையின் உயரத்தை 0 முதல் 255 வரையான எண்களாகக் கணித்து, அவ்வெண்ணுக்கேற்ற நேரம் ஒரு முனையில் மின்னழுத்தத்தை ஏற்றிப் பின் இறக்கும். இது வினாடிக்கு 62,500 தடவை நிகழலாம். ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் அத்துடிப்புக்களை மென்மையாக்க, ஒலி பிறக்கின்றது. சற்றுக் கரகரப்பான ஒலிதான். அதனையே விரும்பும் இசைஞரும் உளர். (சில்லின் உள்ளமைப்பு மட்டும் இன்னும் கம்பனியின் உடைமையே.)

இவ்வினச் சில்லைக் கொண்டே பாரிசில் எமிலி ஜிலே 2010 இல் 'ஷ்ருதி-1' என்ற சிந்தசைசரை வெளியிட்டார். எண்களாற் பிறந்த அலை அனலொக் வடிகட்டியூடாகச் செல்லும். வரைபடத்தையும் நிரலையும் எவரும் எடுத்து மாற்றலாம். மாற்றியதை வெளியிடின் அதே நிபந்தனையோடு பகிரவேண்டும். அவரது நிறுவனம் 2022 இல் மூடப்பட்டது. வரைபடங்கள் மூடப்படவில்லை; அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, முன்பின் அறியாத பலர் இன்றும் அக்கருவியைச் செய்து வருகின்றனர்.