அன்பளிப்பும் சுங்கமும்

அன்பளிப்பு என்பது இருவருக்கிடையே நிகழும் செயல். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். மூன்றாமவருக்கு அதில் இடமில்லை. ஆயினும் அப்பொருள் ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கும்போது அரசு மூன்றாமவராக வந்து நடுவே நிற்கின்றது. விருதுநகரை அடுத்த சூலக்கரையில் வாழும் மாணவி ஒருத்தி, தான் முடைந்த பனையோலைப் பெட்டியையோ பூவேலை செய்த கைக்குட்டையையோ கடல் கடந்த தோழிக்கு அனுப்ப விரும்புகின்றாள் எனக் கொள்வோம். அஞ்சல் நிலையத்தில் அவள் மூன்று வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். பொருள் யாது? அதன் மதிப்பு எவ்வளவு? அதனை அனுப்பும் நோக்கம் என்ன? இவ்வினாக்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு.

சுங்கத்தைப் பழந்தமிழர் உல்கு என்றனர். அரசனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக உல்கினைத் திருவள்ளுவர் எண்ணுகின்றார். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியை நம் கண்முன் நிறுத்துகின்றது. கடலினின்று கரைக்கு வரும் பண்டமும், கரையினின்று கடலுக்குச் செல்லும் பண்டமும் அங்கே அளவின்றிக் குவிந்தன. சோழரின் புலிப்பொறி அவற்றின்மேல் இடப்பட்டது. நம் நாட்டுச் சரக்குகள் அயல்நாட்டுத் துறைகளிலும் வரி செலுத்தின. சேர நாட்டு முசிறியிலிருந்து சென்ற சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஓலை ஒன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகின்றது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அவ்வோலையால், உரோமப் பேரரசு இச்சரக்கின் மீது நான்கில் ஒரு பங்கை வரியாகக் கொண்டது என அறிகின்றோம். பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று புகழப்பெற்றான். வரியை நீக்கியது ஒரு மன்னனுக்கு விருதுப் பெயராக அமைந்ததென்றால், அவ்வரியின் சுமையை மக்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

சுங்கம் கருவூலத்தை நிரப்புவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கவும் அது கருவியாகின்றது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் நம் வீடுகளில் விளக்கேற்றிய தீக்குச்சிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. 1922ஆம் ஆண்டில் இறக்குமதித் தீப்பெட்டிகள் மீது குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றனர். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழில், மழை குறைந்த கரிசற் சீமைக்கு வாழ்வளித்தது. வெளிநாட்டுப் பண்டத்தின் மீது இட்ட வரி உள்நாட்டுக் கைத்தொழிலுக்கு வேலியாக நின்றது. அதே தீப்பெட்டிமீது 1934இல் உள்நாட்டு ஆயத்தீர்வையும் விதிக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. வரி காக்கவும் செய்யும், சுமக்கவும் வைக்கும்.

இனி அஞ்சலின் வரலாற்றுக்கு வருவோம். 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அஞ்சல் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. இதுவே இன்றைய உலக அஞ்சல் ஒன்றியம். கடிதத்துக்குச் சுங்கமில்லை, ஆனால் பொருள் அடங்கிய பொதிக்கு உண்டு. ஆகவே பொதிகளின் மேல் ஒட்டச் சுங்க அறிவிப்புச் சீட்டு ஏற்பட்டது. சிறு பொதிகளுக்குரிய சீட்டு நெடுங்காலம் பச்சை நிறத்தில் அமைந்திருந்தது. 2021ஆம் ஆண்டு முதல், பொதி புறப்படுமுன்பே அதன் விவரத்தை மின்வழி அனுப்புதல் வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. கருவி மாறியது; வினாக்கள் மாறவில்லை.

முதல் வினா, பொருள் யாது என்பது. கைவினைப் பொருளுக்கு இவ்வினாவே பெரும் இடர். 1947 நவம்பரில் எலிசபெத் இளவரசியின் திருமணத்திற்குக் காந்தியடிகள் தாம் நூற்ற நூலால் ஆகிய ஒரு பின்னல் துணியை அன்பளிப்பாக அளித்தார். மவுண்ட்பேட்டன் அதனைத் தம்முடன் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். பரிசுகளைப் பார்வையிட்ட மேரி அரசியார் அதனை அடிகளின் அரைத்துணி என்று பிழையாக எண்ணி மனம் வருந்தினார் என்பர். அரண்மனைக்குள்ளேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், ஆயிரம் பொதிகளிடையே ஒரு பொதியைப் பிரிக்கும் அதிகாரியைக் குறை கூறுவது எங்ஙனம்? ‘பரிசுப் பொருள்’ என்று பொதுவாக எழுதுவது பயன்படாது. ‘பருத்திக் கைக்குட்டை, கையால் பூவேலை செய்தது, இரண்டு’ என்று எழுதினால் ஐயம் நீங்கும்.

சில பொருள்களை எவ்வாறு எழுதினும் அனுப்ப இயலாது. சிவகாசியின் புகழுக்குக் காரணமான பட்டாசும் தீப்பெட்டியும் வெடிக்கக்கூடியன, எளிதில் தீப்பற்றக்கூடியன என்பதால் அஞ்சலில் ஏற்கப்படுவதில்லை. நம் வயல்களில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகைக் கொண்டு விசிறி செய்தாலும், அதனை ஏற்றுமதி செய்ய இந்தியச் சட்டம் இடந்தரவில்லை. ஓலை, விதை, மரம் முதலியவற்றால் ஆகிய பொருள்களைப் பயிர்நோய்க்கு அஞ்சிச் சோதிக்கும் நாடுகளும் உள்ளன.

இரண்டாம் வினா, மதிப்பு. ஒரு மாதம் மாலைதோறும் அமர்ந்து செய்த பூவேலைக்கு என்ன விலை? செய்தவளுக்கு அது விலை மதிப்பற்றது. சுங்கத்துக்கோ விலையில்லாப் பொருளே இல்லை. அத்தகைய பொருள் அங்காடியில் என்ன விலை பெறுமோ அதனையே எழுதுதல் வேண்டும். மிகக் குறைத்து எழுதினால் ஐயத்துக்கு இடமாகும். பொதி தொலைந்தால் ஈடு கேட்கவும் வழி குறையும்.

மூன்றாம் வினாவே முதன்மையானது: இது வணிகமா, அன்பளிப்பா? இவ்வேறுபாட்டை அரசுகள் மதித்து வந்துள்ளன. அமெரிக்கா 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுச் சரக்குக்கு ஒரு டாலர் வரையிலும், அன்பளிப்புக்கு 5 டாலர் வரையிலும் வரிவிலக்கு அளிக்க வகை செய்தது. பின்னர் அவ்வரம்பு உயர்ந்து, 2016இல் பொதுச் சரக்குக்கு 800 டாலராயிற்று. இவ்வாயிலின் வழியே அன்புப் பொதிகளைவிட வணிகப் பொதிகளே வெள்ளமெனப் புகுந்தன. முடிவில் 2025 ஆகஸ்டு 29இல் அச்சலுகை எல்லா நாடுகளுக்கும் நீக்கப்பட்டது. 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு உண்டு என்றே ஆணை கூறியது. ஆயினும் வரியை யார் பெறுவது, எவ்வாறு செலுத்துவது என்னும் நடைமுறை தெளிவாகாமையால் விமான நிறுவனங்கள் அஞ்சலை ஏற்கத் தயங்கின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்டு இறுதியில் அன்பளிப்புகளையும் நிறுத்த நேர்ந்தது. அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டுத் தீபாவளியோ அக்டோபர் 20. சட்டம் திறந்து வைத்த கதவை நடைமுறை மூடிவிட்டது.

இதனை அயலார் செய்த கொடுமை என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. 2019 டிசம்பரில் நம் நாடும் இறக்குமதி அன்பளிப்புகளுக்கு இருந்த வரிச்சலுகையை நீக்கியது. உயிர் காக்கும் மருந்தும், உடன்பிறந்தாருக்கு அனுப்பும் ராக்கிக் கயிறும் மட்டுமே விலக்குப் பெற்றன. காரணம் இங்கும் அதுவே: விற்பனைச் சரக்கை அன்பளிப்பு என்னும் பெயரில் அனுப்பி வரியினின்று தப்பினர் சிலர். வணிகன் பூண்ட வேடத்துக்கு உறவினரும் தோழரும் தண்டனை பெற்றனர்.

மாணவ நண்பர்களே, அன்பளிப்புக்கென ஒரு சிறு வாயிலைத் திறந்து வைப்பது நாகரிக அரசின் கடமை. ராக்கிக் கயிறு ஒன்றுக்கு விலக்களிக்க இயலுமாயின், ஓலைப் பெட்டிக்கும் அது இயலாததன்று. அவ்வாயில் அடைபடாமற் காப்பது மக்களின் கடமை. பொய்யாக எழுதப்படும் ஒவ்வோர் ‘அன்பளிப்பும்’ அதனை மேலும் குறுக்குகின்றது. ஆகவே பொருளின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். மதிப்பை மெய்யாக எழுதுங்கள். பெறும் நாட்டின் தடைப் பட்டியலை முன்னரே கேட்டறியுங்கள். பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே அஞ்சலில் சேருங்கள்.