கோமுகியில் மீன் பிடிக்கப் போகும் முன்

தீபாவளி லீவுக்கு வர்றேன் சித்தப்பா, கோமுகி ஆத்துல மீன் பிடிக்கப் போலாம்னு சென்னையிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். தூண்டில் முள், நரம்பு எல்லாம் வாங்கிட்டானாம். பொங்கலுக்கு வாடான்னு சொல்லிட்டேன். அவனுக்குக் கோவம். போனில் சொல்ல முடியாத காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கோமுகி எங்க கல்வராயன் மலையில் பிறக்கிறது. கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஓடைகளின் தண்ணி சேர்ந்து இறங்கும் இடத்தில், கச்சிராயபாளையம் பக்கம், 1963-65ல் அணை கட்டினார்கள். 46 அடி. அப்போது மலை மேலே மூன்று ஜாகிர்தார்களின் அதிகாரம் நடந்தது. அது முடிந்தது 1976ல்தான். மலைத் தண்ணி கீழே எங்க வயலுக்குப் பாய்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் மலை சனங்களை ஜாகிர் விட்டது.

அப்பா அணைக்கு முந்தின ஆற்றைப் பார்த்தவர். புதுவெள்ளம் வந்தால் கெளுத்தியும் கெண்டையும் சினையோடு எதிர்த்து ஏறும் என்பார். அணை வந்த பிறகு மீனுக்கு மேலே போக வழியில்லை. சுவருக்குக் கீழே முட்டிக்கிட்டு நிற்கும். சின்ன வயசில் நாங்க அங்கேதான் கூடையால் அள்ளினோம். அம்மா சினையைத் தனியா வறுத்துத் தருவாங்க. அள்ளினது அடுத்த வருஷத்து மீன் என்று புரிய எனக்கு ஐம்பது வயசு ஆச்சு.

இன்னிக்கு அதிகமா மாட்டுவது கட்லா, ரோகு, ஜிலேபி. முதல் ரெண்டும் கங்கைப் பக்கத்து மீன், குஞ்சா வாங்கி விடுறது. ஜிலேபி ஆப்பிரிக்காக்காரன். 1952ல் மண்டபம் வழியா இந்தியாவுக்குள் வந்தான். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வச்சுக் காப்பாத்துறதால, அவனுக்கு வெள்ளமும் வேணாம், மேலே ஏறவும் வேணாம். அதான் பெருகிட்டான்.

அதனால்தான் திட்டத்தைத் தைக்குத் தள்ளினேன். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சினை மீனைத் தொடக் கூடாது. அணைக்குள் குத்தகைக்காரங்க இருப்பாங்க, கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. கீழே ஆத்து மடுவில் உட்காரலாம். நாக்குப்பூச்சி நான் தோண்டி வைக்கிறேன்.

ஜிலேபி எத்தனை மாட்டினாலும் குழம்புக்கு. நாட்டுக் கெளுத்தி ஒண்ணு மாட்டினா கண்ணால பாத்துட்டு விட்டுடணும், சரியாடா?