விந்தக நிணநீர்ப் புற்றுநோய்

நிணநீர் அணுக்கள் விந்தகத்திலேயே கட்டியாகப் பெருகும் அரிய நோய் இது. மருத்துவர்கள் லிம்போமா என்றே சொல்வார்கள். விந்தகத்தின் மற்றப் புற்றுகள் பெரும்பாலும் இனப்பெருக்க மூல அணுக்களில் பிறந்து இளைஞர்களைத் தாக்குகின்றன. இதுவோ முதியவர்களின் நோய். ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுகளில் 1 முதல் 2 விழுக்காடுதான் இந்த வகை. ஆனாலும் 60 வயதைக் கடந்த ஆண்களின் விந்தகத்தில் வரும் புற்றுகளில் இதற்குத்தான் முதலிடம். பிரெஞ்சு மருத்துவர் மலாசே 1877இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பெரும்பாலும் வலி இருக்காது. ஒரு பக்கம் கெட்டியாக வீங்கும், பத்தில் நான்கு பேருக்கு விரைப்பையில் நீரும் சேரும். அதனால் வெறும் விரைவீக்கம் என்று நோயாளி மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார். யானைக்கால் நோய் பரவலாக இருந்த கும்பகோணம் போன்ற வட்டாரங்களில் இந்த எண்ணம் எளிதில் வந்துவிடும். கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இரத்தப் பரிசோதனையும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. மூல அணுக் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் இதில் உயராது.

கட்டி பரவும் வழியைப் புரிந்துகொள்ள விந்தகம் உருவான இடத்தை அறிய வேண்டும். கருவில் அது வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகத்தின் அருகே உருவாகிறது. பிறகு தன் தமனியையும் சிரையையும் நிணநீர் நாளங்களையும் இழுத்துக்கொண்டு விரைப்பைக்கு இறங்குகிறது. ஆகவே விந்தகத் தமனி இன்றும் வயிற்றுப் பெருந்தமனியில்தான் கிளைக்கிறது. வலப்பக்கச் சிரை கீழ்ப் பெருஞ்சிரையில் நேரே கலக்கிறது, இடப்பக்கச் சிரை இடச் சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. நிணநீரும் இந்தக் குழாய்களை ஒட்டியே மேலேறிப் பெருந்தமனி ஓரக் கணுக்களை அடைகிறது. விரைப்பையின் தோலிலிருந்து வரும் நிணநீர் மட்டும் தொடையிடுக்குக் கணுக்களுக்குப் போகிறது. விந்தகப் புற்று என்று சந்தேகம் வந்தால் விரைப்பையில் ஊசியோ கத்தியோ வைக்காமல் தொடையிடுக்கைத் திறந்து விந்தகத்தை எடுப்பது இதனால்தான். தவறான இடத்தில் கீறினால் நோய்க்குப் புதிய பாதை ஒன்றைத் திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

லிம்போமா இந்தப் பழைய வழியிலேயே தொடர்ச்சியாக ஏறக்கூடியது. விந்தக நாண் தடிக்கும். சில நோயாளிகளின் சி.டி. படத்தில் விந்தகச் சிரையைச் சுற்றிய திசு, தொடையிடுக்கில் தொடங்கிச் சிறுநீரகம் வரை கயிறு போல நீண்டு தெரியும். மூல அணுக் கட்டிகளிலும் சிரைவழிப் பரவல் அரிதாக உண்டு. ஆனால் அங்கே கட்டி சிரைக்கு உள்ளே இரத்த உறைவு போல அடைத்துக்கொள்ளும். லிம்போமா பெரும்பாலும் குழாயை வெளியிலிருந்து சூழ்ந்துகொள்கிறது, நெரித்து மூடுவது குறைவு. விந்தகத்துக்குள்ளும் இதே குணம்தான். விந்து நுண்குழல்களுக்கு இடையே அணுக்கள் ஊடுருவிப் பரவுவதால், டாப்ளர் ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் விலகாமல், வளையாமல் கட்டியின் ஊடே நேராக ஓடுவதைக் காணலாம். படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நல்ல தடயம்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு வருவது பரவிய பெரிய பி-அணு வகை. என்.கே./டி-அணு வகை மிக அரிது. கிழக்காசியாவில் சற்று அதிகம், எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புடையது. குழாய்களை விட்டுவைக்கும் பழக்கம் இதற்கு இல்லை. குழாய்ச் சுவரையே துளைத்துச் சிதைப்பதால் சுற்றுத் திசு இரத்தமின்றி அழுகும், தோல் போன்ற தொலைவிடங்களுக்கும் விரைவில் தாவும். ஒரே உறுப்பில் வரும் இரண்டு லிம்போமாக்கள் இரத்தக் குழாயிடம் இவ்வளவு மாறாக நடந்துகொள்வது நோயியலில் கவனிக்கத்தக்கது.

பி-அணு வகை மறு விந்தகத்துக்கும் மூளைக்கும் போவது இன்னொரு புதிர். இரண்டுமே நோய் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் நுழையாத இடங்கள். இரத்தத்துக்கும் விந்தகத்துக்கும் இடையே உள்ள தடுப்பு, மருந்தை உள்ளே விடுவதில்லை என்பது வழக்கமான விளக்கம். ஆனால் தடுப்பு இருப்பது நுண்குழல்களின் சுவரில், கட்டி பெரிதும் வளர்வது அவற்றுக்கு வெளியே. எனவே அந்த விளக்கம் மட்டும் போதாது. புற்றணுக்களே எச்.எல்.ஏ. அடையாளங்களை இழந்து எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாமல் போவதும், மூளை லிம்போமாவில் காணப்படும் எம்.ஒய்.டி.88 மரபணு மாற்றம் இதிலும் இருப்பதும் இன்னும் வலுவான காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு மூளை, விழி, விந்தகம் ஆகிய மூன்றின் பெரிய பி-அணு லிம்போமாக்களையும் ஒரே குடையின்கீழ் வைத்துவிட்டது.

விந்தகத்தை எடுப்பதோடு சிகிச்சை முடியாது. ரிட்டுக்சிமாப் சேர்ந்த ஆர்-சாப் மருந்துத் தொகுப்பு, மூளையைக் காக்க மெத்தோட்ரெக்சேட், மறு விந்தகத்துக்குக் கதிர்வீச்சு ஆகியவையும் வேண்டும். இப்படி 53 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு 2011இல் வந்தது. அதில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 85 விழுக்காடு. ஆயினும் பத்தாண்டுகள் கழித்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு. ஐந்தாண்டு கடந்துவிட்டது என்று தொடர் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.