பணக்காரருக்கு வரி கூட்டினால் நாடு முன்னேறுமா? நமது வரலாறு சொல்லும் பதில்



கடந்த வாரம் தரம் பத்து மாணவர்களுக்கு 1848 கிளர்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “சேர், பெரிய பணக்காரங்களுக்கு வரியக் கூட்டினா நாடு நல்லா வருமா?” பதில் சொல்லத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. அன்று பின்னேரம் இதையே தேத்தண்ணிக் கடையில் சொன்னபோது ஒரு காக்கா சிரித்தார். “வரியக் கூட்டினா சல்லிக்காரன் டுபாய்க்குப் போயிருவான் சேர்” என்றார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதை நமது நாட்டு வரலாற்றை வைத்தே பார்ப்போம்.

1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை விழுந்து அரசாங்கத்தின் வருமானம் குறைந்தது. தோட்ட முதலாளிகள் நெருக்கடியில் இருந்ததால் கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு, வண்டிக்கு என்று வரி போட்டார். இவை போதாதென்று ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. கூலிக்காரனுக்கும் மூன்று சிலிங், தோட்டச் சொந்தக்காரனுக்கும் மூன்று சிலிங். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததும் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் பரீட்சைக்குப் படித்தவைதான். அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு இருந்தது என்பதைத்தான் நாம் படிக்கவில்லை.

நெல் வரியின் கதையும் அப்படித்தான். வரி கட்ட முடியாத வலப்பனை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் போயின. 1892இல்தான் அந்த வரியை ஒழிக்கத் தீர்மானித்தார்கள். வருமான வரி என்ற ஒன்று இந்த நாட்டுக்கு வந்தது அதற்கும் நாற்பது வருடம் கழித்து, 1932இல். ஏழையின் நெல்லுக்கு வரி இருந்த காலத்தில் செல்வந்தரின் வருமானத்துக்கு வரி இல்லை.

அடுத்தது 1953. கொரிய யுத்தத்தால் வந்த இறப்பர் விலையேற்றம் முடிந்து திறைசேரி காலியாகிக்கொண்டிருந்தது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நாட்டையே முடக்கியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

1956இல் வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் வேறு வழியில் யோசித்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோரை அழைத்து ஆலோசனை கேட்டது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வருமான வரியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பணக்காரர் வருமானத்தை மறைப்பார். அதனால் வருமானம், மூலதன ஆதாயம், சொத்து, செலவு, நன்கொடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் மறைத்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். வருடா வருடம் ஸகாத் கணக்குப் பார்க்கும் நமக்கு, ஒருவர் உழைப்பதும் அவர் கையில் சேர்ந்திருப்பதும் வேறு வேறு என்பது புதிதல்ல. 1959இல் செல்வ வரியும் செலவு வரியும் நன்கொடை வரியும் சட்டமாகின.

பலன்? எதிர்பார்த்ததில் கொஞ்சம்தான். யார் எவ்வளவு செலவழித்தார் என்று கண்டுபிடிக்க ஆளும் இல்லை, ஆவணமும் இல்லை. சொத்துகள் குடும்பத்தாரின் பெயர்களுக்குப் பிரிந்தன. செலவு வரியால் கிடைத்த தொகை மிகச் சிறியது, சில வருடங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். செல்வ வரி மட்டும் 1990களின் தொடக்கம் வரை தாக்குப் பிடித்தது.

1970களில் நிலைமை இன்னும் இறுகியது. வருமானத்துக்கு உச்சவரம்பு, காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு, மூலதனத்தின் மீதும் வரி. பாணுக்கு வரிசையில் நின்ற கதையை நமது வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்கும் வரட்சிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, பழி முழுவதையும் வரியின் தலையில் போட முடியாது. ஆனால் முதலீடு செய்யக்கூடியவர்கள் தயங்கி ஒதுங்கியதும் உண்மை. கடைக்காரக் காக்காவின் பேச்சில் உள்ள நியாயம் இதுதான்.

1977க்குப் பிறகு ஊஞ்சல் மறுபக்கம் போனது. முதலீட்டாளருக்கு வரி விடுமுறை மேல் விடுமுறை. தொழிற்சாலைகள் வந்தன, நமது பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒரு காலத்துக்கென்று கொடுத்த சலுகைகள் நீண்டுகொண்டே போயின. 1990 அளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த அரச வருமானம் படிப்படியாகத் தேய்ந்தது. கிடைத்த வரியிலும் பெரும்பங்கு பொருட்களின் மீது போடப்பட்டது, அதாவது மா, சீனி, சவர்க்காரம் வாங்கும் எல்லோரிடமும் ஒரே வீதத்தில் எடுத்தது.

கடைசியாக 2019 டிசம்பர். வருடத்துக்கு 30 இலட்சம் ரூபா வரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை என்றானது. உச்ச வீதம் 24இலிருந்து 18ஆக இறங்கியது. வற் வரியும் 15இலிருந்து 8 வீதமானது. நமக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரி குறைந்தால் முதலீடு பெருகும், பொருளாதாரம் வளரும் என்றார்கள். 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 வீதமாக இருந்த அரச வருமானம் 2021இல் 8.3 வீதமாகியது. கொவிட்டும் அடித்தது, பழைய கடனும் இருந்தது, இரண்டையும் மறக்கவில்லை. ஆனால் குழியைக் காசு அச்சடித்து நிரப்பினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்த சல்லியின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. செல்வந்தர் கட்டாத வரியை விலையேற்றமாக நாம் கட்டினோம் என்றே நான் நினைக்கிறேன். பிறகு வற் வரி 18 வீதமாகி, மிச்சத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, அந்த மாணவனுக்கு என்ன சொல்வேன்?

வீதத்தைக் கூட்டுவதால் மட்டும் நாடு முன்னேறாது, 1959உம் 1970களும் அதைக் காட்டிவிட்டன. வீதத்தைக் குறைத்தால் தானாக வளரும் என்பதும் பொய், அதை 2022இல் அனுபவித்தோம். சொத்து யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். 1959இல் இல்லாத கணினி இன்று இருக்கிறது, வங்கிப் பதிவும் காணிப் பதிவும் இருக்கின்றன. ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் மனம்தான் வேண்டும். எடுத்த வரி பாடசாலையாகவும் வைத்தியசாலையாகவும் திரும்பி வருவதை மக்கள் கண்ணால் காணவும் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மிதமான ஒரு செல்வ வரியே போதும், உழைக்கிறவனும் ஓட மாட்டான், ஏழையும் நசுங்க மாட்டான்.

கடன் நெருக்கடிக்குப் பிறகு சொத்து மீதும் வாரிசுரிமை மீதும் வரி போடுவது பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அதை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் “பணக்காரருக்குத்தானே, நமக்கென்ன” என்று மட்டும் இருந்துவிட வேண்டாம். அவர்களிடம் எடுக்காத ஒவ்வொரு தடவையும் அது நமது அரிசிப் பானைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன். நான் விட்ட பிழை இருந்தால் பெரியவர்கள் கீழே திருத்துங்கள்.