நவிரமலைச் சாரலின் ஊன்சோறு



சென்ற திங்களில், யாம் பணியாற்றும் பள்ளியில், நண்பகல் உணவு வேளையில் ஒரு காட்சி கண்டோம். நம்மவர் இல்லத்துச் சிறுமி ஒருத்தி, உணவுக் கலத்தின் மூடியை ஒருபுறம் சாய்த்துப் பிடித்து, அயலிருப்போர் காணாவண்ணம் உண்டுகொண்டிருந்தாள். "என்ன கொண்டு வந்தாய், அம்மா?" என்று வினவினோம். "வெறுஞ்சோறு, ஐயா" என்றாள். கலத்தில் இருந்ததோ, அவள் பாட்டியார் வைகறையில் எழுந்து ஆக்கித் தந்த, கறியிட்டு வேவித்த சாமைச்சோறு. அக்குழந்தையின் நாவில் அப்பொய்யை வைத்தவர் யாவர்? நாமே என்க. "நம் முன்னோர் புலாலைத் தீண்டாதவர் என்று குலவரலாற்றில் எழுதுதல் வேண்டும்" எனப் பெரியோர் சிலர் நம் கூட்டங்களில் கூறக் கேட்டிருக்கின்றோம். கேட்டும் வாளா இருந்திருக்கின்றோம். அவ்வாய்மூடலுக்குக் கழுவாயாக இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தை அறியாதார் நம்முள் இலர். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இந்நாட்டைப் பற்றியதே. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடிகளால் இயன்ற இந்நூல் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும். இதில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அறிஞர் கொள்வர். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ஆம் ஆண்டிலே பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றித் தந்திராவிடின், நம் ஊர்ப்புறத்து மலைகளின் பழைய அடுப்புப்புகையை நாம் இன்று காணுதல் அரிது.

நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வந்த வறிய கூத்தர்க்கு வழி கூறுகின்றான். மலைச்சீறூர்களில் உங்கள் இல்லில் புகுவது போலத் தயங்காது புகலாம். நீண்ட வழி நடந்து வந்தீர் என்று இன்சொற் கூறி, நெய்யில் வெந்த தசைத்துண்டங்களோடு தினைச்சோறும் தருவர் என்கின்றான். பின்னும் உள்ளே செல்லின், குறமகள் ஒருத்தி ஆக்கும் உணவைச் சொல்கின்றான். அருவி அடித்துக் கொணர்ந்த பலாப்பழத்தின் விதை, கடமான் தசை, முள்ளம்பன்றியின் கொழுப்புடைய தசை, புளியும் மோரும் சேர்ந்த உலை, அவ்வுலையில் மூங்கிலரிசி. மலைச்சாரலெல்லாம் மணக்கும்படி அவள் அதனைத் துழாவுகின்றாளாம். அவ்வுணவை எவ்வாறு பெறலாம்? உறவுமுறை சொல்லித் தடுத்து நிறுத்தி, மனைதோறும் உவகையோடு தருவர் என்கின்றான்.

அன்பர்காள், இவ்விடத்தே சற்று நிற்றல் வேண்டும். வந்தவன் யாவன்? ஊர் தெரியாதவன், குலம் வினவப்படாதவன், பசித்தவன். கொடுத்தவள் யாவள்? அரசியல்லள், குடிசையில் வாழும் குறமகள். தானியமும் ஊனும் ஒரு கலத்தில் சேர்ந்த அவ்வுணவை நாணத்துக்குரியது என்று அவளும் கருதினாளில்லை. அதனைப் பாட்டில் வைத்த புலவரும் கருதினாரில்லை.

இஃது ஒரு குலத்துக்கே உரிய உணவும் அன்று. சிறுபாணாற்றுப்படையில் வேலூர் எயினர் புளியிட்ட சோற்றை ஆமான் சூட்டிறைச்சியோடு தருவர். ஆமூர் உழவர் வெண்சோற்றை நண்டின் கலவையோடு தருவர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் தினைச்சோற்றைப் பாலோடு தருவர். பறம்பின் கோமானாகிய பாரியின் இல்லத்தில் ஊன்சோறு குறைவின்றி வழங்கப்பெற்றதைக் கபிலர் புறநானூற்றில் நினைந்து வருந்துகின்றார். பதிற்றுப்பத்தில் ஒரு பாட்டுக்கு 'ஊன்துவை அடிசில்' என்பதே பெயர். ஆகவே, வேந்தன் முதல் வேட்டுவன் ஈறாக அடுப்பு ஒன்றே; அதில் இட்ட தானியமே நிலத்துக்கு நிலம் வேறுபட்டது.

"வள்ளுவனார் புலால் மறுத்தல் என ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ?" என்பீராயின், வகுத்தார், அவ்வறத்தின் பெருமையை யாம் மறுக்கிலோம். அருளால் விலக்குவோர் வணங்கத்தக்கவர். கார்த்திகைத் திங்களில் இந்நகரத்து இல்லங்கள் பலவற்றில் கறிச்சட்டி பரணேறுவதும் அண்ணாமலையார்பால் உள்ள அன்பினாலன்றோ? ஆயின் விலக்குதல் வேறு, மறைத்தல் வேறு. முன்னது நோன்பு, பின்னது பொய். உயர்வு கருதி முன்னோர் உணவை மறைப்போன், அவர்தம் விருந்தோம்பலையும் உடன் மறைக்கின்றான்.

இனி, இல்லத்தில் இதனை ஆக்குமாறு கூறுவாம். கடமானையும் முள்ளம்பன்றியையும் நாடற்க. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைத் தடுத்துளது. எலும்போடு கூடிய வெள்ளாட்டுக்கறி அரை கிலோ கொள்க. முதல்நாள் இரவே ஊறவைத்த மொச்சை 100 கிராமும், தோலுரித்து நறுக்கிய பலாக்கொட்டை ஒரு கைப்பிடியும் சேர்த்து, மஞ்சளும் சின்ன வெங்காயமும் இட்டு, நீர் நிறைய வார்த்து, மூடி, சிறுதீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேவிக்க. கறி எலும்பை விட்டு நெகிழ்ந்த பின்னரே கழுவிய சாமை 250 கிராம் இடுக. சாமை கால் மணி முதல் இருபது நிமிடத்துள் வெந்துவிடும். முன்னரே இட்டால் அடிப்பற்றிக் கரிந்துபோம். புளிக்கரைசலை இறுதியிலேயே வார்க்க. முந்தி வார்த்தால் மொச்சை எளிதில் மலராது. உப்பிட்டு, மிளகும் சீரகமும் இடித்துத் தூவி, தளர்ந்த பதத்தில் துழாவி இறக்குக.

மிளகாயை யாம் கூறாமை மறதியன்று. அது வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோடு அடைந்ததன் பின்னர், போர்த்துகேசியர் வாயிலாக அமெரிக்கக் கண்டத்தினின்று இந்நாடு புகுந்தது. குறமகளின் காலத்தில் காரம் என்பது மிளகே. வேண்டுவோர் மிளகாயும் சேர்க்கலாம். அடுப்பு எந்நாளும் புதியதை ஏற்றே வந்துளது.

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் சாமையையும் தினையையும் புகழ்ந்தது. சவ்வாது மலையடிவாரத்துப் பாட்டிமாரோ அவற்றை ஒருநாளும் கைவிட்டாரல்லர்.

அச்சிறுமியிடம் மறுநாள் இக்குறமகளின் கதையைக் கூறினோம். அவள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அடுத்த வாரம் அவள் கலத்தின் மூடி திறந்தே இருந்தது. அயலிருந்த தோழிக்கு ஒரு பிடி எடுத்து வைத்தாள். குலவரலாறு எழுத விரும்பும் பெரியோர் அதனை அங்கிருந்து தொடங்குவாராக.