கப்பம் கட்டாத அரசி

நாம் பள்ளியில் பயின்ற உலக வரலாற்றில் ஆப்பிரிக்கா என்றால் ஐரோப்பியர் சென்று கண்ட காடும் ஆறுமே. 'இருண்ட கண்டம்' என்று ஆசிரியர் சொல்ல, நாமும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். இருண்டிருந்தது நம் பாடநூலே என்பதை என்சிங்கா அரசியின் வரலாற்றைப் படித்த பின்னரே உணர்ந்தோம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் என்டோங்கோ என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னருக்கு 'ங்கோலா' என்பது பட்டப்பெயர். அதுவே போர்ச்சுக்கீசியர் நாவில் அங்கோலா ஆயிற்று. கடற்கரையில் லுவாண்டா நகரை அமைத்துக்கொண்ட அவர்கள், உள்நாட்டு மக்களை அடிமைகளாக்கிப் பிரேசிலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினர்.

1622ஆம் ஆண்டில் மன்னர் தம் உடன்பிறந்தவரான என்சிங்காவை லுவாண்டாவுக்குத் தூதனுப்பினார். ஆளுநர் நாற்காலியில் வீற்றிருந்தார். தூதருக்கோ தரையில் விரிப்பு. என்சிங்கா கண்ணால் குறிப்புக் காட்டினார். பணிப்பெண் ஒருத்தி கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிய, அவள் முதுகின்மேல் அமர்ந்து ஆளுநருக்குச் சமமாகப் பேசினார். அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு நாற்காலியின் பொருள் தெரியாததன்று. எதிரே நிற்பவரை உட்காரச் சொல்வதா, வேண்டாமா என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுவதை நாள்தோறும் காண்கிறோமே! இக்காட்சியை எழுதிவைத்தவர்களுள் ஒருவர், பின்னாளில் அரசியின் அவையில் வாழ்ந்த கவாட்சி என்னும் இத்தாலியப் பாதிரியார். அவர் நூல் 1687இல் அச்சேறியது.

எல்லோரும் சொல்வது இந்த இருக்கைக் கதையைத்தான். நம் உள்ளத்தில் நின்றதோ அதன்பின் நடந்த வாதம். ஆளுநர் ஆண்டுதோறும் கப்பம் கேட்டார். கப்பம் என்பது தோற்றவன் கொடுப்பது, தம் மன்னர் யாரிடமும் தோற்கவில்லை என்று என்சிங்கா மறுத்துவிட்டார். நட்பை நிலைநாட்ட ஞானஸ்நானம் பெற்று 'அனா' என்ற பெயரை ஏற்க மட்டும் இசைந்தார்.

1624இல் மன்னர் மறைய, என்சிங்கா ஆட்சியேற்றார். போர்ச்சுக்கீசியர் அவரை நாட்டைவிட்டுத் துரத்தினர். அவர் கிழக்கே சென்று மதம்பா நாட்டைக் கைப்பற்றி அங்கிருந்து போரிட்டார். 1641இல் டச்சுக்காரர் லுவாண்டாவைப் பிடித்தபோது அவர்களோடு உறவு கொண்டார். 1648இல் அத்துணையும் போயிற்று. அவர் தங்கையோ பகைவர் சிறையில் ஆண்டுகள் பலவாக வாடினார்.

1656இல் உடன்படிக்கை ஏற்பட்டது. லுகாலா ஆறு எல்லையாயிற்று. கப்பத்துக்கு அதில் இடமில்லை; முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல் நின்றது. ஆனால் தங்கையை மீட்க அரசி ஈடாகக் கொடுத்தது 130 அடிமைகள். இங்கே நம் எழுதுகோல் தயங்குகிறது. புகழுரை எழுதுவோர் இதை விட்டுவிடுவர். நமக்கு மனம் ஒப்பவில்லை. முதுகு கொடுத்த அந்தப் பணிப்பெண்ணின் நினைவும் உடன் வருகிறது.

1663 டிசம்பர் 17ஆம் நாள், எண்பது வயதைக் கடந்த நிலையில், அரசியாகவே என்சிங்கா மறைந்தார். மீட்கப்பட்ட அந்தத் தங்கையே அவருக்குப்பின் அரியணை ஏறினார்.