கப்பல் கரை சேரட்டும், அம்மா!



பெற்றோர் சந்திப்பு நாளில் தாய் ஒருவர் மனம் வருந்திக் கூறினார்: “சாப்பிடக் கூப்பிட்டால், ‘கப்பல் இன்னும் கரை சேரவில்லை, அம்மா’ என்கிறான், ஐயா. கணினிக்குள் ஏது கப்பல்? என்னிடமே பொய் சொல்லப் பழகிவிட்டான்.”

அவன் கூறியது பொய்யன்று. பலர் ஒருசேர இணையத்தில் விளையாடும் உலகங்களில் கப்பலுக்கென்றே ஒரு வரலாறு உண்டு.

1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டில் கப்பலைச் சொந்தமாகவே வாங்கலாம். முன்னே செல், திரும்பு, நில் என்று தட்டச்சு செய்தால் சுக்கான் பிடிப்பவன் அவ்வாறே செலுத்துவான். ஆயினும், மந்திரத்தால் நொடியில் இடம் மாறும் வழியும் அங்கு இருந்தமையால், கப்பலின்றியும் பயணம் செய்ய முடிந்தது.

1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே கண்டம் விட்டுக் கண்டம் செல்வோர் துறைமுகத்தில் காத்திருந்து கப்பலேற வேண்டும். தவறவிட்டால், அடுத்த கப்பல் வரும்வரை துறையிலேயே நிற்க வேண்டியதுதான். அவ்வாறு நின்றவர்கள் ஒருவரோடொருவர் உரையாடினர். முன்பின் அறியாதவர்கள் நண்பர்களாயினர். மந்திரத்தால் பிறரை இடம் மாற்ற வல்லவர்கள் அதற்குக் கூலி பெற்றுத் தொழிலாகவே நடத்தினர். இடர்களும் இல்லாமல் இல்லை. அவ்வுலகம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், கப்பல் எல்லையைக் கடக்கும்போது சிலர் நடுக்கடலில் விழுந்து தவித்தனர்.

2002ஆம் ஆண்டில் சப்பானில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 11’ காத்திருப்புக்குச் சுவை சேர்த்தது. செல்பினா, மௌரா என்னும் இரு துறைமுகங்களுக்கிடையே செல்லும் கப்பலில் மீன் பிடிக்கலாம். சில வேளைகளில் கடற்கொள்ளையரும் தாக்குவர்.

ஆனால், அதே ஆண்டு அக்டோபரில் ‘எவர்குவெஸ்ட்’ தன் போக்கை மாற்றிக்கொண்டது. நகரங்களின் அருகே வைக்கப்பட்ட நூலைத் தொட்டால் ஒரு மைய நகரை அடையலாம். அங்கிருந்து வேண்டிய நகருக்குச் செல்லலாம். வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட வாய்த்தவர்களுக்கு இது பெரும் உதவியாயிற்று. எனினும், துறைமுகக் கூட்டம் குறைந்தது. இடம் மாற்றும் தொழிலும் நலிந்தது. பரந்து விரிந்த உலகம் சுருங்கிவிட்டதாகப் பழைய ஆட்டக்காரர்கள் பலர் வருந்தினர்.

2004ஆம் ஆண்டின் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ நடுவழியை நாடியது. ஓர் அணிக்குக் கப்பல், மற்றோர் அணிக்கு வான்கப்பல். காத்திருப்போ சில மணித்துளிகளே. 2007இல் பறக்கும் ஊர்திகள் வந்தன. 2014இல் புதிதாகச் சேர்த்த நிலப்பரப்பில் அவற்றுக்கு இடமளிக்கவில்லை. இனியும் அளிப்பதில்லை என 2015இல் அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது; சில வாரங்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. ஒருமுறை தந்த விரைவைத் திரும்பப் பெறுதல் எளிதன்று!

தனியொருவர் ஆடும் விளையாட்டை வேண்டும்போது நிறுத்தி வைக்கலாம். பலருக்கும் பொதுவான கப்பலை ஒருவருக்காக நிறுத்த முடியாது. அது யாருக்காகவும் காத்திராது என்பதால்தான் அதற்காகப் பலர் ஒன்றுகூடிக் காத்திருந்தனர். இதை வடிவமைத்தவர்கள் அறிந்தே செய்தார்கள்.

இவற்றை அத்தாயிடம் சுருக்கமாக விளக்கினேன். “அப்படியானால் நான் காத்திருக்க வேண்டுமா, ஐயா?” என்றார். “வேண்டாம், அம்மா. சோறு ஆறுவதற்குள் கரை சேருமா என்று கப்பலேறும் முன்பே அவனைக் கணக்கிடச் சொல்லுங்கள்,” என்றேன். நேரத்தைக் கணக்கிடும் பாடத்தை அவன் என் வகுப்பில் படித்துத்தான் இருக்கிறான்.

அடுத்த முறை நம் பிள்ளைகள் கப்பலைக் காரணம் காட்டினால், சினப்பதற்கு முன், எங்கே செல்கிறாய், உடன் வருபவர் யார் என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கப்பலில் இருப்பவர்கள் யார் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லதுதானே?